படங்களுக்கு இறந்தகாலம் இல்லை

சீருடை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டருக்கு வயது நாற்பத்தொன்பது. நூறு அடுக்குத் துணியை விரித்து, மேலே அச்சுத்தாளை ஒட்டி, இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு மின்கத்தியை ஓட்டினாரென்றால், மேலே கிடக்கும் சட்டைக் கைக்கும் அடியில் கிடக்கும் சட்டைக் கைக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. கைக்கு அத்தனை ஓட்டம். வாய்க்குத்தான் ஓட்டமில்லை. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். 'க' தொண்டையிலேயே உட்கார்ந்து அடம்பிடிக்கும். 'த' பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும், வராது.

எதிரே நிற்பவர்களுக்கும் பொறுமை இருப்பதில்லை. வார்த்தையை அவர்களே முடித்துவிடுவார்கள். தண்ணீர் கேட்க வந்தவருக்குத் தட்டு வந்து சேரும். வாங்கிக்கொண்டு தலையாட்டிவிடுவார். இல்லை என்று சொல்ல அதற்கு மேலும் ஒரு போராட்டம் வேண்டும். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பேச்சோடு நின்றது, இவருடைய பேச்சோடு. பிறகு, வெளியூரில் இருந்த அக்கா அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள். வாரம் ஒரு முறை போன் செய்வாள். அவள் பேசுவாள், இவர் 'ம்' கொட்டுவார். 'ம்' மட்டும் அவருக்கு ஒருநாளும் திக்கியதில்லை.

இப்படி இருந்த மனிதருக்குத்தான் சூப்பர்வைசர் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு ஒரு வாயைக் கொடுத்தது.

குழுவில் காலையில் ரோஜாப்பூ வரும், வேலை நேரத்தில் 'இன்று எத்தனை பீஸ்' என்று கேள்வி வரும், அவ்வளவுதான். ஒருநாள் நூல் கிடங்கிலிருந்து நூலே வரவில்லை. ஆனால் சட்டை மட்டும் மாலைக்குள் வேண்டுமென்று சூப்பர்வைசர் குழுவில் கத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பானைப் படம், பக்கத்தில் ஒரு கரண்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஐந்து நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திடீரென்று பட்டன் வைக்கும் பெண் ஒருத்தி, "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!" என்று எழுத, தையல் பகுதி முழுக்கச் சிரிப்பு. இளம்பெண்கள் மண்டையோட்டுப் படமாக அனுப்பித் தள்ளினார்கள். மாஸ்டர் பயந்துவிட்டார். சிரித்துச் சிரித்தே செத்துவிட்டோம் என்று அர்த்தமாம். அடுத்த மேசைக்காரர்தான் விளக்கினார்.

அன்றிலிருந்து தினம் ஒன்று. ஓடாத மின்விசிறியைப் பற்றி மேனேஜரிடம் யார் சொல்வது என்று எல்லோரும் முழித்த அன்று பூனையும் மணியும். சூப்பர்வைசரே அளவு எண்ணை மாற்றிச் சொன்ன அன்று யானை, பாதம், வாழைப்பழம். அந்த வாழைப்பழம் மட்டும் மாஸ்டரின் சொந்தச் சரக்கு. வழுக்குவதற்கு வேறு படம் கிடைக்கவில்லை. 'ஊமை மாஸ்டர்' என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தவர்கள், 'விடுகதை மாஸ்டர்' என்று முகத்துக்கு நேரே அழைத்தார்கள். சேவல் கூவுகிறதோ இல்லையோ, அவர் விரல் கூவும் என்றாயிற்று.

பக்கத்துக் கட்டடத்தில், தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துப் பிசிறு வெட்டும் செக்கிங் பகுதியில் புதிதாக ஓர் அம்மா சேர்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இல்லை, ஒரே மகள் தூரத்து நகரத்தில். கழுத்தில் எப்போதும் ஒரு சின்னக் கத்திரி தொங்கும். இவர்தான் விடுகதைகளை எல்லோருக்கும் முன்பாக விடுவிப்பார். ஒருநாள் மாஸ்டர், தான் தனியாக இருக்கும் மாடி அறையை நினைத்து ஓர் எலியும் ஒரு வீடும் போட்டார். குழுவில் யாரோ "வீட்ல எலித் தொல்லையா மாஸ்டர்? பொறி வைங்க" என்றார்கள். செக்கிங் அம்மா மட்டும் தனியாக அனுப்பினார்: "எலி வளையானாலும் தனி வளை. எனக்கும் அப்படித்தாங்க." கீழே, இன்னொரு எலி, இன்னொரு வீடு.

மாஸ்டர் அந்த இரண்டு எலிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எட்டு மாதம் இருவரும் தனியே பேசிக்கொண்டார்கள். பேச்சென்றால் பேச்சில்லை, படம்தான். சூரியனும் கோப்பையும் போட்டால் எழுந்தாயிற்று, தேநீர் குடித்தாயிற்று. சட்டையும் மலையும் போட்டால் இன்று வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறது. குடையோடு அழுமூஞ்சி வந்தால் துவைத்த துணி நனைந்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் பார்த்தால் அவர் புன்னகைப்பார், மாஸ்டர் தலையாட்டுவார். நின்று பேசும் சந்தர்ப்பத்தை மட்டும் மாஸ்டர் சாமர்த்தியமாகத் தவிர்த்தார். அந்த அம்மாவுக்கு இவருடைய விரல் பேச்சுத்தான் தெரியும்; வாய்ப்பேச்சைக் கேட்டுவிட்டால் எல்லாம் கெட்டது என்று நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த அம்மாவிடமிருந்து ஒரு வரிசை வந்தது. ஒரு மரம். ஒரு பெஞ்சு. இரண்டு கோப்பை. நான்கு மணி காட்டும் கடிகாரம். கடைசியில் ஒரு சிவப்பு இதயம்.

மாஸ்டர் அதை மூன்று முறை படித்தார். மறுநாள் விடுமுறை. ஊரில் மரத்தடிப் பெஞ்சுகள் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஏரிக்கரைப் பூங்கா. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். இஸ்திரி போட்ட சட்டையை மறுபடி இஸ்திரி போட்டார். கண்ணாடி முன்னால் நின்று, "வா... வா... வாங்க" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். ஏழாவது தடவை சுத்தமாக வந்தது.

மூன்றரைக்கே போய்விட்டார். நாலு மணிக்கு இரண்டு தேநீர் வாங்கிப் பெஞ்சில் வைத்தார். நாலரைக்கு ஒன்றைக் குடித்தார். மற்றது ஆறி, மேலே ஆடை கட்டியது. அதில் ஓர் இலை விழுந்தது. எடுத்துப் போட்டார். ஒரு குடும்பம் வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டது. வருகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். சொல் வருவதற்குள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தரைக்கு எழுந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து மாஸ்டர் படம் போடவில்லை. குழுவில் இரண்டு நாள் கேட்டார்கள், மூன்றாம் நாள் மறந்தார்கள். செக்கிங் அம்மா கேள்விக்குறி அனுப்பினார், இன்னொரு கேள்விக்குறி, கண்கள் இரண்டு. மாஸ்டர் திறந்தே பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், அந்த அம்மா கட்டிங் மேசைக்கே வந்து நின்றார்.

"என்னங்க மாஸ்டர், ஒரு வாரமா ஆளையே காணோம். என் மேல ஏதாவது வருத்தமா?"

மாஸ்டர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "அ... அ... அன்... அன்னைக்கு..." தாடை இழுத்துக்கொண்டது. கண்களை மூடிக்கொண்டார். இப்போது அந்த அம்மாவே வார்த்தையை முடித்துவிடுவார் என்று காத்திருந்தார். அவர் முடிக்கவில்லை. மேசை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்போல் பேசாமல் நின்றார்.

"நா... நாலு ம... மணிக்கு... போய் உ... உட்கார்ந்திருந்தேன்."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கை வாய்க்குப் போயிற்று.

"ஐயோ... அது கூப்பிட்டது இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப, லீவு நாள்ல நாலு மணிக்கு ரெண்டு பேரும் மரத்தடியில டீ குடிப்போம். அன்னைக்கு அவர் தவறிப்போன நாள். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. உங்ககிட்ட சொன்னேன். நீங்க கட்டைவிரல் போட்டீங்க. என்னடா இது, இதுக்குப் போயி கட்டைவிரலான்னு எனக்கும் கொஞ்சம் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு."

மாஸ்டர் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். படத்துக்கு நேற்று இல்லை, நாளை இல்லை. குடித்தோம் என்றாலும் அதே கோப்பை, குடிப்போமா என்றாலும் அதே கோப்பை. ஓர் எழுத்துப் போட்டிருந்தால் இரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள்.

"ம... மன்னிச்சு..."

"நீங்க எதுக்குங்க? நான்தான் தெளிவா சொல்லல." சற்று நிறுத்தினார். "ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தீங்களா?"

"ம்" என்றார் மாஸ்டர்.

போவதற்கு முன்பு அந்த அம்மா சொன்னார்: "மகளுக்குப் பிரசவம். இந்த மாசக் கடைசியோட நான் நின்னுக்கறேன் மாஸ்டர். அவகூடப் போய் இருக்கப் போறேன்."

போனார். முதல் சில மாதங்கள் காலையில் சூரியனும் ரோஜாவும் வந்தன. நூறு பேருக்கு அனுப்பும் படம் அது என்று பார்த்தாலே தெரியும். மாஸ்டர் கும்பிடும் கைகளைப் பதிலாக அனுப்பினார். பிறகு அதுவும் நின்றது. குழுவிலும் நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று சூப்பர்வைசர் பூட்டுப் போட்டுவிட்டார். மாஸ்டரின் விரலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில் போன் சிணுங்கியது. செக்கிங் அம்மா. ரயில். நத்தை. குடை. மூன்று வெள்ளரிக்காய். நிலா. ஒரு வீடு. ஓர் ஒட்டகம். பதினேழு இதயங்கள்.

மாஸ்டர் தேநீரை மறந்துவிட்டு உட்கார்ந்தார். ரயில் என்றால் வருகிறார். நத்தை என்றால் மெதுவாக, அதாவது இப்போது இல்லை. குடை என்றால் மழைக்காலத்தில். நிலா ஒரு மாதத்தைக் குறிக்கலாம். வெள்ளரிக்காய் மூன்றும்தான் இடித்தன. மூன்று நாள் தங்குவாரோ? ஒட்டகத்துக்கு அர்த்தம் தேடி மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. நீண்ட பயணம் என்று கடைசியில் முடிவுசெய்தார். பதினேழு இதயங்களை அவர் விளக்க முயலவில்லை.

அறையைப் பெருக்கினார். நாற்காலி மேல் கிடந்த துணிகளை மடித்து, அது மறுபடி நாற்காலியானதும் ஜன்னலோரமாகப் போட்டார். ஆனால் இந்த முறை சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்:

"எனக்குச் சரியாகப் புரியவில்லை. எழுதிச் சொல்லுங்கள். எப்போது வருகிறீர்கள்?"

பதில் உடனே வந்தது.

"ஐயோ மாஸ்டர், நான் அனுப்பலீங்க! பேரன் போனை எடுத்து அமுக்கிட்டான். என் தங்கச்சிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும்கூட இதே மாதிரி போயிருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தார், சிரிப்பும் அவருக்குத் திக்காது. சிரித்து முடித்ததும் அறை முன்பைவிட அமைதியாக இருந்தது.

பதில் எழுத உட்கார்ந்தார். அக்காவுக்கு முட்டிவலி என்பதை எழுதினார். புது மின்கத்தி வந்திருப்பதை எழுதினார். இன்று ஒட்டகத்துக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்ததை எழுதினார். படித்துப் பார்த்தார், நீளமாக இருந்தது. அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இத்தனையையும் படிப்பதை நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக அழித்தார்.

"நல்லா இருக்கேன்" என்று அனுப்பினார். யோசித்துவிட்டு, "பேரன் நல்லாப் பேசறான்" என்று இன்னொன்றும் அனுப்பினார்.

இரண்டு நீலக் குறிகள் வந்தன. மாஸ்டர் போனை மேசைமேல் வைத்துவிட்டு, காலையில் போட்டு மறந்த தேநீரைச் சுடவைக்க எழுந்தார்.