சேவலுக்குப் பின்னால்

கனடாவில், அஜக்ஸ் நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வந்து, வயலோரத்து மரத்தில் சாய்ந்து மூவரும் உட்கார்ந்திருக்கிறோம். நான் லண்டனிலிருந்து விருந்தாக வந்தவன். நண்பன் குணா தன் பதினைந்து வயது மகள் மதுராவை முதன்முதலாக வான்கோழி வேட்டைக்குக் கூட்டிவந்திருக்கிறான். இலங்கையில், ஊரில் யுத்தம் முடிந்ததென்று போன வாரம்தான் செய்தி வந்தது. அங்கே அவன் அக்கா குடும்பம் என்னானது என்று இன்னும் தெரியவில்லை. ஆனாலும் மகளுக்குக் கொடுத்த வாக்கை அவன் மீறவில்லை.

என் சிவப்புத் தொப்பியைப் பிடுங்கித் தன் பைக்குள் திணிக்கிறான். “உதைப் போடாதை மச்சான். வான்கோழியின்ரை தலை எண்டு ஆரும் சுட்டுப்போடுவாங்கள்.”

சேவலை வரவழைக்க மதுரா ஒரு மரப்பெட்டியைத் தேய்த்துப் பேட்டின் குரலை எழுப்புகிறாள். நுளம்பு கன்னத்தில் கடிக்கிறது, அவள் அசையவில்லை. என்னால் அப்படி இருக்க முடியாது. கடைசியில் ஒரு சேவல் தோகையை விரித்துக்கொண்டு நேரே எங்களை நோக்கி வருகிறது. துவக்கு அவள் தோளுக்கு ஏறுகிறது. நான் மூச்சை அடக்குகிறேன்.

அவள் சுடவில்லை. சேவல் ஆறுதலாக நடந்து மரங்களுக்குள் மறைந்துவிடுகிறது.

“ஏன் பிள்ளை சுடேல்லை?”

“பின்னாலை ஒரு பேடு நிண்டது, அங்கிள். நான் ஷூட் பண்ணினா அதுக்கும் பட்டிருக்கும்.”

குணா துவக்கை வாங்கித் தோட்டாவை வெளியே எடுக்கிறான்.

“இவ்வளவுதான் மச்சான்,” என்கிறான். “அங்கை சுட்டவங்களும் பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு பாத்திருந்தாக் காணும்.”