சரோஜினிதேவி கதைக்க ஓர் இடம்

வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடி ஒற்றை அறை வீட்டில் இருக்கும் சரோஜினிதேவி ஒழுங்காய் நித்திரை கொண்டு எவ்வளவோ காலம். கணவர் தியாகராசா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்ததிலிருந்து அவரைத் தூக்கித் துடைத்து ஊட்டியே அவள் உடம்பு நாராய்ப் போயிருந்தது. பிரஷர் பார்த்த டொக்டர், "மருந்து மட்டும் காணாது, ஆரோடையாவது மனம் விட்டுக் கதையுங்கோ" என்று சுபோதினி என்ற உளவளத்துணையாளரின் இலக்கத்தைக் கொடுத்தார். நேரிலும் போகலாம், போனில் முகம் பார்த்தும் கதைக்கலாம்.

போன்தான் நல்லது என்று நினைத்தாள். நேரில் என்றால் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறவேண்டும். அவரை யார் பார்ப்பது? அதோடு, அந்த வாசலில் தெரிந்த முகம் ஒன்று கண்டுவிட்டால், அவள் வீடு திரும்புமுன்பே கதை வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்துவிடும். நமது சனம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பேறிகள் இல்லை.

அவளுக்குச் சொல்லவேண்டியது ஒன்றேயொன்று. இவர் போய்விட்டால் நல்லது என்று சில விடியல்களில் மனம் நினைக்கிறது. நினைத்த பிறகு அந்த வெட்கம் அவளைத் தின்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

சீப்பெடுத்துத் தலை இழுத்து, பொட்டு வைத்து, சாப்பாட்டு மேசையில் மாத் தகரப்பேணியோடு போனைச் சாய்த்து வைத்தாள். ரொறொன்ரோவிலிருந்து மகன் தனஞ்சயன் எடுக்கும்போதும் இப்படித்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், ஹோலில் கட்டிலோடு கிடக்கும் தியாகராசா பதறிக் கூப்பிடுவார்.

"எப்பிடியம்மா இருக்கிறீங்கள்?" என்றாள் திரையில் சுபோதினி.

"ஒரு குறையுமில்லை பிள்ளை. நல்லாயிருக்கிறம்."

மகனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கட்டிலிலிருந்து தியாகராசா குழறிக்கொண்டு, "சாப்பிட்டாச்சோ?" என்று திரையைக் கேட்டார்.

"ஓம் ஐயா" என்று சிரித்த சுபோதினி, குரலைத் தணித்தாள். "அம்மா, நீங்கள் தனியவோ இருந்து கதைக்கிறீங்கள்?"

"இல்லை."

"அப்ப இது உங்களுக்குச் சரிவராது போல. தனிய ஒரு இடமிருந்தாத்தான் இப்பிடிக் கதைக்கலாம். ஒருக்கா நேரில வாங்கோவன்."

"பாப்பம் பிள்ளை" என்று போனை வைத்தாள். நமது பேச்சில் பாப்பம் என்றால் இல்லையென்றுதான் அர்த்தம்.

மத்தியானம் சோறு குழைத்து ஊட்டும்போது, தியாகராசா நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது... மகனில்லை."

"இல்லை. தெரிஞ்ச ஒரு பிள்ளை."

"நானிருந்தா நீர்... சொல்லமாட்டீர்."

"எதையப்பா?"

அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "களைச்சுப்போனீர், சரோ. நான் போனா நல்லமெண்டு... எனக்கும் அந்த நினைப்புத்தான். போய்ச் சொல்லும்."

சோற்றுக் கையோடு அப்படியே இருந்து அழுதாள். பிறகு மிச்சத்தை ஊட்டி, கையைக் கழுவி, நாலாம் மாடி ஹமீமாவுக்குப் போன் எடுத்தாள். புதன்கிழமை கொஞ்சநேரம் அவரோடு இருக்கமுடியுமா என்று கேட்டாள்.

ஹமீமா சம்மதித்து, எங்கே பயணம் என்று விசாரித்தாள். கோயிலுக்கு என்று சொல்லத்தான் சரோஜினிதேவி வாயெடுத்தாள்.

"கொட்டாஞ்சேனைக்கு" என்றாள். "எனக்கு ஏலாமக் கிடக்கு. ஒரு பிள்ளையிட்டச் சொல்லி அழப்போறன்."