வாளியில் ஊறிய ஆச்சி

எங்கள் வீட்டுக் கொலுவில் முதலில் படியேறுவது சாமி இல்லை. பலசரக்குக் கடைச் செட்டியாரும் அவர் வீட்டு ஆச்சியும். எங்களுக்குக் கல்யாணமான வருடம் மாமியார் கொடுத்தனுப்பிய மண்பொம்மை ஜோடி. மகாளய அமாவாசையன்று என் மனைவி தன் கையால் அவர்களைப் படியில் உட்கார வைத்து, முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மிளகு பரப்ப வேண்டும். கடை திறந்த பிறகுதான் தெய்வங்களே வரலாம்.

போன வருடம் அமாவாசையன்று காலையில் அவள் தன் அம்மாவை அழைத்து வர அறந்தாங்கிக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைக்கலாம், திறக்கக் கூடாது. இறக்கினேன். பிறகு, உள்ளே எல்லாம் நலமா என்று பார்ப்பது ஒரு குடும்பத் தலைவனின் கடமை அல்லவா என்று திறந்தேன்.

மேலாக இருந்தது என் வேட்டி. குண்டஞ்சிக் கரை போட்டது. ஏழு வருடமாக நான் தேடிக்கொண்டிருப்பது. சலவைக்காரரோடு சண்டை போட்டு அவர் எங்கள் தெருப்பக்கமே வராமல் போனதற்குக் காரணமானது. வந்த ஆத்திரத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். வேட்டியைக் கையில் எடுத்தால் எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உதறினேன்.

வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த ஆச்சி பறந்து போய்ச் சுவரில் மோதி விழுந்தார்.

மூக்கும் ஒரு கையும் பாதிக் கொண்டையும் போயிற்று. மூளிப் பொம்மையைப் படியில் வைக்க முடியாது. ஆச்சி இல்லாமல் செட்டியாரையும் வைக்க முடியாது. இருவரும் இல்லாமல் கொலுவே கிடையாது. அறந்தாங்கிப் பக்கத்து ஆண்கள் ஏன் இத்தனை பேர் கல்ஃபுக்குப் போகிறார்கள் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. பாஸ்போர்ட்டைத் தேடினேன். அது காலாவதியாகியிருந்தது.

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை முதலில் கிளம்பிப் போய்விடும். உடம்பு மட்டும் நின்று வேலை செய்யும். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. களிமண் பிள்ளையாரை வாளியில் கரைத்து முருங்கைக்கு ஊற்றியவன் நான். ஆகவே குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து ஆச்சியை உள்ளே இறக்கினேன். அரைமணியில் கரைந்துவிடுவார், தடயம் முருங்கைக்குப் போய்விடும், அதற்குள் புதிய ஆச்சியோடு திரும்பிவிடலாம். ஆச்சி குமிழி விட்டார். குச்சியால் கிண்டிப் பார்த்தேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊறட்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஊருக்கு வெளியே சாலையோரம் பொம்மை செய்யும் வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து ஒரு அம்மனுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் பலகையில் எங்கள் வீட்டு ஆச்சியைப் போலவே ஒரு ஆச்சி, பக்கத்தில் தொந்தியோடு செட்டியார். எனக்கு ஆச்சி மட்டும் போதும் என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஜோடியப் பிரிச்சுக் குடுக்கிறதில்லைங்க."

எங்கள் வீட்டில் ஒரு செட்டியார் இருக்கிறார், சற்று முன்புதான் தனியாகிவிட்டார் என்று மன்றாடினேன். அப்படிப் பிரித்தால் பலகையில் இருக்கும் செட்டியார் தனியாகிவிடுவாரே, அதற்கு என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். இருவரையும் எடுத்துக்கொண்டேன். வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டே, பழைய ஆச்சியை என்ன செய்தேன் என்று விசாரித்தார்.

"தண்ணியில ஊறப்போட்டிருக்கேன். கரைஞ்சிருக்கும்."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "சூளையில வெந்த மண்ணுங்க அது. ஒங்க பேரன் வந்து பாத்தாலும் அப்படியேதான் இருக்கும்."

அப்போது செல்போன் அடித்தது. மனைவி. வழியில் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி வெகு நேரமாயிற்றாம், பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டதாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்களாம், ஏன் மூச்சு வாங்குகிறது என்றாள். யோகா என்றேன். வாழ்க்கையில் நான் யோகா செய்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

செட்டியார் தம்பதியை மடியில் கட்டிக்கொண்டு, அவர்கள் குலுங்கக் கூடாதென்று மாட்டுவண்டி வேகத்தில் வந்தேன். ஒரு மாட்டுவண்டி என்னை முந்திப் போனது. வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. பயணத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் கால் கழுவப் போவார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

கூடத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாளி. முந்தானையால் ஆச்சியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார்தான் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊறவச்சது பத்துமா மாப்பிள்ளை? அரைச்சு வடை சுடணும்ல?"

நான் வாயைத் திறந்தேன். வரும் வழியெல்லாம் பூனை, பூகம்பம், பரண் பலகை என்று மூன்று கதை தயாரித்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "வேட்டிய உதறுனேன்" என்பது மட்டும் வந்தது. மொத்தத்தையும் கொட்டினேன், பாஸ்போர்ட் உட்பட.

மனைவி ஆச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். "கரைச்சு முருங்கைக்கு ஊத்தவா பாத்தீங்க?" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு, கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. மாமியார் தரையில் உட்கார்ந்தே சிரித்தார்.

ஆனால் செட்டியார் இப்போது இரண்டு பேர். பழையவரைப் புது ஆச்சியோடு வைக்கலாமே என்றேன். அடுத்தவர் வீட்டு ஆச்சியை இவரோடு எப்படி உட்கார வைப்பது என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் என்னைக் கேட்டார்கள். நெடுநேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் புது ஜோடிக்குக் கடை என்றும், பழையவர் கடைக்கு முன்னால் சாமான் வாங்க வந்தவர் என்றும் தீர்ப்பானது. உடைந்த ஆச்சியைத் தலைவாசல் வெயிலில் உலர வைத்தார்கள். தன் அலமாரியில், புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளப் போவதாக மனைவி சொன்னாள்.

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. புது ஆச்சியை அவளே வைத்தாள். பிறகு புதுச் செட்டியாரைத் தூக்கி, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, என்னிடம் நீட்டினாள்.

"மெதுவா வைங்க."

இரண்டு கையாலும் வாங்கினேன். என் நடுக்கத்தில் செட்டியார் தலையாட்டி எதற்கோ சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார். படியில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் இங்கிட்டு" என்றாள் மனைவி.

மறுபடியும் தூக்கினேன். மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.