பலகையைத் தொடாதே

ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே இருக்கும் டக் ஹில் மேட்டில் பனியை அளக்கிறவர்கள் ஒரு தனி ரகம். ஊரே பனியைத் தள்ளித் தள்ளி இடுப்பொடிந்து கிடக்கும்போது, இவர்கள் மட்டும் இன்னும் ஓர் அங்குலம் விழாதா என்று ஜன்னலோரம் ஏங்கிக்கொண்டு நிற்பார்கள். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. வானிலை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கணக்கைச் சொன்னால் ஒரு நன்றி கிடைக்கும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில், தீயணைப்புக் கொட்டகையில் கூடுவார்கள். பான்கேக் மேல் மேப்பிள் பாகைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு பழைய பனியை எல்லாம் மறுபடி பெய்ய வைப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு வெர்னா டுப்ரே ஒரு வருடமும் போகாமல் இருந்ததில்லை. முப்பது வருடம் அந்த மேட்டுச் சாலைகளில் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். பின்சீட்டில் நடக்கும் சண்டையைத் திரும்பிப் பார்க்காமலே, குரலாலேயே அடக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது லேலண்ட் ஃபிட்ச் பெரிய பனியைப் பற்றிப் பேசுகிற அந்தப் பான்கேக் மேஜை.

லேலண்ட் பக்கத்துக் கிராமமான ஹேஸ்கெல்காரர். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய பெரிய பனியில், ஒரே நாளில் அறுபத்தெட்டு அங்குலம் அளந்தவர். மேட்டில் இதுவரை அதை முந்தியவர் இல்லை. அவரும் அதை யாரையும் மறக்க விட்டதில்லை.

"முதல்ல தபால் பெட்டி காணாமப் போச்சு. அப்புறம் என் வண்டி. அப்புறம் கொட்டகை. வேலி மேலேயே நடந்து மூணு மாடு ரோட்டுக்குப் போயிடுச்சு!" என்றார் லேலண்ட்.

"போன வருஷம் ஒரு மாடுதானே சொன்னே?" என்று எதிரிலிருந்து கேட்டாள் டெரீசா. கூட்டத்துக்குப் பான்கேக் சுடுகிறவள் அவள். "கன்னு போட்டுச்சா?"

மேஜையே சிரித்தது. லேலண்டுக்குத் தன் மேல் விழுந்த சிரிப்பை அடுத்தவர் மேல் தள்ளிவிடத் தெரியும்.

"மாட்டை விடு. நம்ம துடைப்பத்தைக் கேளு. அவளுக்கு அன்னைக்கு எழுபத்தெட்டு அங்குலமாம். என்ன துடைப்பம், அந்தக் கூடுதல் பத்து அங்குலத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே? ஃப்ரிட்ஜிலயா?"

வெர்னா காப்பியைக் குடித்தாள். காப்பி கசந்தது. பதினெட்டு வருடமாக அந்தப் பெயர்தான்.

நடந்தது இதுதான். பனியை அளக்க வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு பலகையை வெட்டவெளியில் போடுவார்கள். அதன் மேல் விழுந்ததை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, துடைத்துவிட்டு, மறுபடி வைப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, அதற்கு மேல் கூடாது. மாவு அளந்தவர்களுக்குக் காரணம் சட்டென்று புரியும். அப்போதுதான் சலித்த மாவு படியில் பொம்மென்று நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் தன் பாரத்திலேயே அமுங்கும். பனியும் அப்படித்தான். அடிக்கடி துடைத்தால் அமுங்குவதற்கு முன்பே அளந்துவிடலாம், கணக்கு ஏறிக்கொண்டே போகும். பெரிய பனியன்று வெர்னா ஆர்வக் கோளாறில் மணிக்கு ஒருமுறை துடைப்பத்தோடு ஓடியிருந்தாள். கணக்கைச் சரிபார்க்க வானிலை அலுவலகத்திலிருந்து வந்த நிபுணர்கள் நல்ல மனிதர்கள். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, எத்தனை தடவை துடைத்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் பெருமை பொங்கச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

அவர்கள் செய்தது சரிதான் என்று அவளுக்கே தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது. வீட்டுக்குள் வந்து கணவன் ஹாலிஸிடம், "அவங்க ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. அவள் முகம் கேட்கிற மாதிரி இல்லை. காகித ஆலையில் மெஷின் பார்த்த ஹாலிஸுக்குப் பனி என்றால் மண்வெட்டி, அவ்வளவுதான். அதிகாரிகள் கஞ்சத்தனம் செய்துவிட்டார்கள் என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

அன்று கூட்டம் கலையும் நேரத்தில் டெரீசா தன் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள். ஒன்டாரியோ ஏரியிலிருந்து மேகமாகப் புறப்படும் பனிப்பட்டை மறுநாள் சாயங்காலம் நேராக மேட்டின் தலையில் வந்து உட்காரப் போகிறதாம். லேலண்ட் எழுந்து தொப்பியை மாட்டினார்.

"துடைப்பத்தைத் தயாரா எடுத்து வெச்சுக்கோ, வெர்னா."

"இந்தத் தடவை உன் அறுபத்தெட்டைச் சாப்பிடறேன் பாரு, லேலண்ட். நாலே தடவை துடைச்சு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. சொன்னது சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பலகையை வைத்தாள். பனி கொட்டத் தொடங்கியது. கொட்டியது என்றால் சாதாரணமாக இல்லை. எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் தன் வீட்டுப் படியே தெரியவில்லை. வெர்னாவுக்குக் கை பரபரத்தது. எவ்வளவு வந்திருக்கும், ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பனியில் நடப்பது சுலபம். பனி விழும்போது சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். பழைய பனியில் அவளைத் தோற்கடித்தது அதுதான். இந்தத் தடவை இரவு ஒரு மணி அளவை, காலை ஏழு மணி அளவை, பகல் ஒரு மணி அளவை மூன்றையும் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி எடுத்தாள். இடையில் பலகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மூன்றையும் கூட்டினால் ஐம்பத்திரண்டு. இன்னும் ஒரே ஒரு அளவை, சாயங்காலம் ஏழு மணிக்கு. அதில் பதினேழு வந்தால் லேலண்ட் காலி. வெளியே பெய்கிற வேகத்துக்குப் பதினேழு வரும்போலத்தான் இருந்தது.

இரவெல்லாம் விழித்த கண் மூடிக்கொண்டு போனது.

"கொஞ்சம் படுக்கறேன். ஆறரைக்கு எழுப்பிவிடு."

"நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்" என்றான் ஹாலிஸ்.

பாத்துக்கறேன் என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும்.

அவள் எழுந்தபோது சமையலறையில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலிஸின் கம்பளிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"உன் பனி வீணாகாமப் பாத்துக்கிட்டேன், வெர்னா."

"என்ன பாத்துக்கிட்டே?"

"நாலு மணிக்கு வாசலைத் தள்ளப் போனேன். பலகை மேல இருந்தது அமுங்கிட்டே இருந்துச்சு. காத்து வேற மேலாகச் சீவிட்டுப் போகுது. இப்படியே விட்டா ஏழு மணிக்குள்ள பாதி போயிடுமேன்னு உன் கோலை எடுத்து அளந்தேன். ஒழுங்கா, நேரா நிறுத்தி. பதினொண்ணு! அளந்துட்டுச் சுத்தமாத் துடைச்சு வெச்சிருக்கேன். இப்ப அதுக்கு மேல புதுசா ஏறிட்டிருக்கு."

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவள் எதற்காகத் துடைத்தாளோ, அதே காரணம். அவளிடம் பாடம் படித்தவன் போல அதே தப்பைச் செய்திருந்தான்.

கத்த வேண்டும் என்றுதான் வாய் திறந்தது. ஸ்கூல் பஸ் குரல் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் எதை வைத்துக் கத்துவது? 'ஒத்துக்கல' என்று சொன்னவள், ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் பலகையைத் தொட்டிருப்பானா? வெட்கத்தைக் கட்டிக் காத்ததற்கு இது கூலி.

பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஏழு மணிக்குக் கோலை நிறுத்தினாள். ஒன்பது. அவன் அளந்த பதினொன்றோடு சேர்த்தால் இருபது. மொத்தம் எழுபத்திரண்டு. லேலண்டின் கணக்கு சுக்குநூறாகிவிடும். துடைக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்? பதினாறா, பதினெட்டா? அதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அழுகை வந்தது. கண்ணீரா பனியா என்று தெரியாத இடமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

உள்ளே வந்து ஃபோனை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தே ஹாலிஸுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"தப்பாப் பண்ணிட்டேனா?"

"ஒரு நாளைக்கு நாலு தடவைதான் துடைக்கலாம், ஹாலிஸ். இப்ப அஞ்சு ஆயிடுச்சு. அஞ்சு ஆனா கணக்குல சேராது. அன்னைக்கும் இதுதான் நடந்துச்சு. உங்கிட்ட நான் சொல்லவே இல்லை."

ஹாலிஸ் மெதுவாக உட்கார்ந்தான். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "நாலு மணிக்கு நான் வெளியே போனதை யாரு பாத்தா? பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியல. இருபதுன்னு சொல்லிடேன். பதினெட்டு வருஷமா உன் மூஞ்சியை நான் பாத்துட்டுதானே இருக்கேன்?"

"யாரும் பாக்கலேன்னு நான் பஸ்ஸைச் சிவப்பு விளக்குல ஓட்டினதுண்டா?"

"அதுல பிள்ளைங்க இருந்தாங்க. இதுல என்ன இருக்கு, பனிதானே?"

வெர்னா ஃபோனில் எண்ணை அழுத்தத் தொடங்கினாள். ஆசை இல்லாமல் இல்லை. எண்ணை அழுத்தி முடித்து, எதிர்முனையில் மணி அடிக்கும்போதும் அந்த இருபது நாக்கு நுனியில்தான் நின்றது. வானிலை அலுவலகத்துப் பெண் குரல் கொடுத்ததும், வெர்னா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"டென்னிசன்லேர்ந்து வெர்னா டுப்ரே பேசறேன். மூணு வேளை அளவு உங்ககிட்ட இருக்கு, அது சரியா இருக்கு. கடைசி வேளையில நாலு மணிக்குப் பலகையை ஒரு தடவை துடைச்சிட்டோம். அதனால இந்த வேளைக்கு அளவு இல்லைன்னு போட்டுக்கோங்க."

"ஐயோ, அடடா" என்றது அந்தப் பெண். உண்மையாகவே வருத்தப்பட்டது.

ஃபோனை வைத்த சூட்டிலேயே அது மறுபடி அடித்தது. லேலண்ட். காத்திருந்திருப்பார் போல.

"எனக்கு அறுபத்தொண்ணுதான், வெர்னா. பனிப்பட்டை உன் பக்கமா ஒதுங்கிடுச்சு. சொல்லு, எவ்வளவு? என் அறுபத்தெட்டைச் சாப்பிட்டாச்சா?"

அவர் குரலில் கேலி குறைவாகவும் பயம் கூடுதலாகவும் இருந்தது. வெர்னா ஹாலிஸைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த பிப்ரவரியில் பான்கேக் மேஜையில் இந்த மனிதனைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். மனைவியின் பனியைத் துடைத்துப் போட்டவன் என்று. அவன் அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாளும் வந்தவன் இல்லை. வராதவனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

"இல்லை. நடுவுல ஒரு தடவை துடைச்சிட்டேன். கணக்குல வராது."

"யாரு? நீயா? மறுபடியுமா?"

"நான்தான். கை சும்மா இருக்கல."

எதிர்முனையில் வெடித்த சிரிப்பு சமையலறை முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்கிச் சிரித்தார் மனிதர். அவள் அதை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, "கூரைப் பனியைத் தள்ளிடு லேலண்ட், பாரம் ஏறிடும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

ஹாலிஸ் எழுந்து நின்றிருந்தான்.

"ஏன் அப்படிச் சொன்னே? நான்தான்னு நான் சொல்லியிருப்பேன்ல?"

"அவன் வாயில உன்னை விட மாட்டேன். எனக்கு அது பழகிப் போச்சு."

"உனக்கு அது எவ்வளவு..." என்று ஆரம்பித்தான்.

வெளியே பனி விட்டபாடில்லை. ஏரியின் மேல் மேகம் இன்னும் வரிசை கட்டி நிற்பதாக ரேடியோ சொன்னது. வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். அளந்து முடித்ததுமே பலகையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். ஏழு மணிக்கு வைத்த பலகை. அங்கிருந்து எண்ணினால் இன்னொரு நாள், இன்னொரு நான்கு அளவை. பெய்தால் பெய்யட்டும், பெய்யாவிட்டால் அடுத்த வருடம் பெய்யும். அவள் எங்கே போகப் போகிறாள்?

சூப்பைக் குடித்து முடித்தாள். கண் மறுபடி சொருகியது.

"நான் போய்ப் படுக்கறேன். அடுத்தது ஒரு மணிக்கு. அதுவரைக்கும் பலகையைத் தொடக்கூடாது. அமுங்கினா அமுங்கட்டும், காத்து சீவினா சீவட்டும்."

ஹாலிஸ் குனிந்து தன் பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி அவள் முன்னால் நீட்டினான்.

"இதை உன் கட்டிலுக்கு அடியில வெச்சுக்கோ. நான் வெளியிலயே போக மாட்டேன்."

அவள் வாங்கவில்லை.

"போட்டுக்கோ. ஒரு மணிக்கு நீதான் போய் அளக்கணும்."