சூடு ஆறாத சூயிங்கம்

இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, குமட்டும், அதனால் சொல்கிறேன். இது எனக்கு நடந்தது. நானாக உட்கார்ந்து கதை கட்டிவிட்டிருந்தால் விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம் என்று கொஞ்சம் கௌரவமாகக் கட்டியிருப்பேன். இவ்வளவு அசிங்கமான பேயை யாரும் மெனக்கெட்டுக் கற்பனை செய்ய மாட்டார்கள்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் அருவருப்புக்கு மதிப்பு தெரியும். நான் பூச்சி மருந்து அடிக்கிறவன். ஓட்டல் அடுப்புக்குப் பின்னால் என்ன ஊர்கிறது என்று எனக்குத் தெரியும். கூரைக்குள் செத்து உப்பிய எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பையில் போட்டு, கையைக் கழுவிவிட்டு, அங்கேயே நின்று டீ குடித்திருக்கிறேன். "உங்களுக்கு மூக்கே கிடையாதா?" என்பாள் என் மனைவி. மூக்கு இருக்கிறது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பழகாதது நுரையீரல். போன வருடம் மாடிப்படி ஏறினாலே மூச்சில் விசில் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம் இந்த மருந்தை மோந்தீங்கன்னா, அப்புறம் நான் பார்க்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றார். கம்பெனியில் போய் நின்றேன். ஆபீசில் மேற்பார்வையாளர் வேலை ஒன்று இருக்கிறது, டிப்ளமா இருந்தால் தருகிறோம் என்றார்கள். அப்படித்தான் முப்பத்தெட்டு வயதில் மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் படிக்கிற ஆசை எதுவும் இல்லை. மூச்சு விடுகிற ஆசைதான்.

அது பாதி நேரடி, பாதி ஆன்லைன் வகுப்பு. உள்ளூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அறையில் உட்காருவோம். வெளியூர்க்காரர்கள் சுவரில் இருக்கும் பெரிய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிவார்கள். திரைக்கு மேலே ஒரு கேமரா. அவர்களுக்கு எங்கள் அறை ஒரு கட்டமாகத் தெரியும். அவர்கள் பரீட்சைக்கு மட்டும் நேரில் வந்தால் போதும். நாங்கள் நேரில் வந்தே ஆக வேண்டும். நாலு நாளைக்கு மேல் வராவிட்டால் பரீட்சை கிடையாது. எனக்கு அந்த நாலு நாளும் ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரியில் போய்விட்டது.

அறையில் இருந்தாலும் அவரவர் லேப்டாப்பில் உள்ளே நுழைந்தால்தான் வருகைப் பதிவு. என் லேப்டாப் மச்சான் கழித்துக் கட்டியது. பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அறையில் உருப்படியாக வேலை செய்கிற பிளக் ஒன்றே ஒன்று. கடைசி வரிசை, ஜன்னலோர மேசை. அந்த மேசைப் பலகையின் அடியில் பொருத்தியிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலை வகுப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள். யார் தலை மேசையில் சாய்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்கா தன் துப்பட்டாவைத் தலையணையாக மடித்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மேடத்துக்கு மட்டும் அது ஆகாது. யாராவது கண்ணை மூடினால் போதும், நேராக வந்து டஸ்டரால் மேசையில் ஓங்கி அடிப்பார். "எழுந்திரிங்க. முகம் கழுவிட்டு வாங்க." ஈவு இரக்கம் இல்லாத பொம்பளை என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம். ஆறேகால் மணி. வாட்ச்மேன் என் கண் முன்னால் பூட்டைத் திறந்தார். எனக்கு முன்னால் யாரும் உள்ளே போகவில்லை. உட்கார்ந்து, பிளக்கைச் செருக மேசைக்கு அடியில் கையை விட்டேன்.

விரல் எதிலோ அமுங்கியது.

சூயிங்கம். மேசைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் இது மெத்தென்று இருந்தது. ஈரமாக இருந்தது. இழுத்தால் நூலாக விரலோடு வந்தது. அதோடு சூடாக இருந்தது... வாயிலிருந்து அந்த நிமிடம் எடுத்த சூடு. கையை உதறிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். செத்த எலிக்குக் குமட்டாத எனக்கு அன்று குமட்டியது. வேறொருவரின் எச்சில் என் நகத்துக்குள் இருந்தது.

அடுத்த வகுப்புக்குத் தொழில் சாமான்களோடு போனேன். கையுறை, டார்ச், சுரண்டும் தகடு. குனிந்து பார்த்தால் பலகையின் அடியெல்லாம் காய்ந்துபோன சூயிங்கம், கல் மாதிரி. நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாக, பளபளவென்று. அதிலிருந்து ஒரு சொட்டு எச்சில் இறங்கிக்கொண்டிருந்தது. சீ. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். புதியதை மட்டும் தகட்டில் வைத்து டார்ச் அடித்தேன். கடித்த பல்லின் தடம் பார்த்து எலி எந்த வகை என்று சொல்கிறவன் நான். இது மனுஷப் பல். முன் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பள்ளம் இல்லை, மேடு. அந்த வாயில் முன் பல் ஒன்று இல்லை.

வகுப்பில் எல்லாருடைய பல்லையும் பார்த்தேன். சிரிக்க வைத்துப் பார்த்தேன். யாருக்கும் பல் போகவில்லை.

அதற்கடுத்த வகுப்பிலும் இருந்தது. அதே இடம், அதே சூடு. சரி, யாரோ விளையாடுகிறார்கள் என்று பிளக்கை மட்டும் விட்டுவிட்டு, பலகையின் அடியில் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். ஒரு கரப்பான்கூட நுழைய முடியாது. அதுதானே என் பிழைப்பு. மறுபடி வந்து பார்த்தபோது டேப் அப்படியே இருந்தது. சூயிங்கம் உள்ளே இருந்தது. பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் நடுவில். அதைச் சுற்றித் தாளில் ஆவி படிந்திருந்தது.

வீட்டில் சொன்னேன். "வேற இடத்துல உட்காருங்களேன்" என்றாள் மனைவி.

"பிளக் அங்கதான் இருக்கு."

"அப்ப கையுறை போட்டுக்கங்க. படிப்பை மட்டும் விட்டுடாதீங்க. ராத்திரியெல்லாம் உங்க மூச்சை எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

கையுறை போட்டுக்கொண்டே படித்தேன்.

ஒருநாள் பாடத்தின் நடுவில் திரையிலிருந்து டாக்ஸி அண்ணன் குரல் வந்தது. வெளியூரில் டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்து வைத்துப் படிப்பார். "மேடம், யாரோ மென்னுக்கிட்டே இருக்காங்க. பாடமே கேக்கல. சளக் சளக்னு..."

"எல்லாரும் மைக்கை அணைங்க" என்றார் மேடம்.

"அணைச்சுட்டோம் மேடம். சத்தம் உங்க ரூம்லேர்ந்துதான் வருது."

அறையில் யாரும் எதையும் மெல்லவில்லை. எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. என் மேசையையே பார்த்தார்.

"நீங்க ஏன் அங்க உட்கார்றீங்க?"

"பிளக் இங்கதான் மேடம் வேலை செய்யுது."

பிறகு பாடத்துக்குத் திரும்பிவிட்டார். அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்.

அப்புறம் அந்த மழை நாள். மேடத்துக்குக் காய்ச்சல், வீட்டிலிருந்தே திரையில் பாடம் எடுத்தார். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் தங்கள் நாலு நாளில் ஒன்றைச் செலவழித்து வீட்டில் இருந்துகொண்டார்கள். என்னிடம் செலவழிக்க நாள் இல்லை. விடியற்காலையிலிருந்து ஒரு கிடங்கு முழுக்க மருந்து அடித்துவிட்டு, நனைந்து, இருமிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அறையில் நான் ஒருவன் மட்டும்.

டார்ச் அடித்து மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றுமே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

மேடம் பாடப் படங்களைத் திரை முழுக்க விரித்துவிட்டுப் பேசிக்கொண்டே போனார். நான் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டேன். டஸ்டரும் இல்லை. மணி ஏழே முக்கால் வரை பார்த்த ஞாபகம். கண் எரிந்தது. கையை மடித்துத் தலையைச் சாய்த்தேன்... ஒரு நிமிடம் மட்டும் என்று.

அந்த அறை விளக்குகள், அசைவு இல்லையென்றால் தானாக அணைகிற ரகம்.

அணைந்தது. தூக்கத்திலேயே தெரிந்தது.

பிறகு எரிந்தது. மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

நான் அசையவில்லை.

முகத்தில் மூச்சு பட்டது. புளித்த புதினா வாசம். என் மூச்சில் விசில் இருக்கும். இதில் இல்லை.

சளக்... சளக்...

வெகு பக்கத்தில்.

கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

சளக்... சளக்...

என் தாடை அசைந்துகொண்டிருந்தது.

மென்றுகொண்டிருந்தது நான்.

வாய்க்குள் மெத்தென்று. ஈரமாக. சூடாக.

அலற மூச்சை இழுத்தேன். அது தொண்டைக்குள் போய் அடைத்துக்கொண்டது.

மூச்சு இல்லை.

திரையில் மேடம் பேசிக்கொண்டே இருந்தார். என் மைக் அணைந்திருந்தது.

விரலை உள்ளே விட்டேன்... நூலாக வந்தது... அறுந்தது.

கண் இருட்டியது.

நாற்காலி முதுகில் வயிற்றை வைத்து விழுந்தேன். ஒரு தடவை. இன்னொரு தடவை.

தெறித்து வெளியே விழுந்தது.

தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்ததும் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் வாயில் முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. அதில் பதிந்திருந்த வரிசையில் ஒன்று குறைந்தது.

அன்று இரவு பாதி பற்பசையைத் தீர்த்தேன். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. அந்தச் சுவை போகவில்லை. இன்றுவரை என் மனைவி குடித்த டம்ளரில்கூட என்னால் தண்ணீர் குடிக்க முடியாது.

மறுநாள் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பல் தடத்தை மட்டும் சொல்லவில்லை.

"உங்களுக்கு முந்தின பேட்ச்ல ஒரு பஸ் டிரைவர் இருந்தார்" என்றார். "அந்த மேசைதான். தூக்கம் வராம இருக்கச் சூயிங்கம் மென்னுக்கிட்டே இருப்பார். சிரிச்சா முன்பல்லு ஒண்ணு இருக்காது. அன்னைக்கு ரெண்டு ஷிப்டு ஓட்டிட்டு வந்து தலை சாஞ்சுட்டார். நாங்க யாரும் எழுப்பல. கிளாஸ் முடிஞ்சதும் நான்தான் லைட்டை அணைச்சேன். பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு சத்தம் வராம கதவைச் சாத்திட்டு வந்தேன். வாட்ச்மேன் எழுப்பிக்குவார்னு நெனச்சேன்."

"மென்னுக்கிட்டே தூங்கிட்டாரா?"

"தொண்டையில அடைச்சு மூச்சு முட்டிப் போயிட்டார்னு டாக்டர் சொன்னார். ஆனா தொண்டையில ஒண்ணுமே இல்ல. வாயிலயும் இல்ல. ரூம் பூராத் தேடினாங்க. அடைச்சது எங்க போச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியல."

மேடம் அழுதுகொண்டிருந்தார். அந்த டஸ்டர் அடியெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மிச்சமிருந்த மூன்று வகுப்புக்கும் போனேன். போகாவிட்டால் நுரையீரல் போய்விடும். பார்லர் அக்கா நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். முன்வரிசையில், வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தேன். ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டது. இப்போது மூச்சில் விசில் குறைந்திருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பரீட்சை அன்று டாக்ஸி அண்ணனை முதல்முறையாக நேரில் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மழை நாளு நல்லா அசந்து தூங்கிட்டீங்க தம்பி. போன்ல உங்க ரூம் கட்டத்தைத்தான் பெருசாக்கி வெச்சிருந்தேன். கூப்பிடலாம்னு பார்த்தேன், மனசு வரல. அதான் பக்கத்துல ஆள் இருக்காரே, அவர் பார்த்துக்குவார்னு விட்டுட்டேன். அதுக்குள்ள சவாரி வந்துடுச்சு, போனை வெச்சுட்டேன்."

"பக்கத்துல யாருண்ணே?"

"அதான், லைட்டு எரிஞ்சதும் தெரிஞ்சாரே. பல்லு ஒண்ணு இல்லாம, சிரிச்ச முகமா. உங்க தலையை மெதுவா நிமிர்த்தி, தான் மென்னுக்கிட்டு இருந்ததை வாயிலேர்ந்து எடுத்து உங்களுக்கு ஊட்டி விட்டாரு. தூக்கம் போகட்டும்னு குடுத்திருப்பாரு. ரொம்ப நல்ல மனுஷன் தம்பி" என்றார் டாக்ஸி அண்ணன். அறைக்குள் எட்டிப் பார்த்தார். "பரீட்சைக்கு வரலையா அவரு?"