பச்சை முகத் தலைவர்

சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் சங்கத்தில் தலைவராக இருந்தவர்களின் படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். இப்போதைய தலைவரான என் படமும் அங்கே ஏற வேண்டுமென்ற ஒரே ஆசையில், லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியறையில் ஓர் ஓவியர் முன்னால் புன்னகையோடு உட்கார்ந்தேன். பரட்டைத் தாடி, பெயிண்ட் அப்பிய சட்டை. நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், கெட்டுப்போன மீனைப் பார்த்தவர்போல் 'ச்சு' கொட்டினார்.

படத்தில் முகம் பச்சை, கண்ணுக்கடியில் ஊதா. சிரிப்பைத் தடித்த சிவப்பில் கீழ்நோக்கி இழுத்திருந்ததால் அது முறைப்பாகத் தெரிந்தது.

"என்ன சார், அழுகுன பூசணிக்கா மாதிரி இருக்கேன்?"

"மூஞ்சி வேணும்னா போட்டோ எடுத்துக்குங்க லா. இது உங்க குணம்."

"குணம் இவ்ளோ கேவலமாவா இருக்கு?"

"கொஞ்சம் கொறச்சுத்தான் போட்டிருக்கேன்."

கிறுக்கன் என்று திட்டிக்கொண்டே படத்தைச் சங்கத்துக்குத் தூக்கிப்போனேன். ஆள் யாரென்றே தெரியவில்லை என்று சங்கத்தில் மாட்ட மறுப்பார்கள் என்பதுதான் என் பயம்.

படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்ததுமே செயலாளர் கைதட்டினார். "அட, நம்ம தலைவரு! மீட்டிங்ல யாராச்சும் எதிர்த்துப் பேசுனா இப்படித்தான் பாப்பாரு!"

அன்றே மாட்டிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. அந்தத் தாடிக்காரர் முன்னால் மத்தியானம் முழுக்க நான் சிரித்துக்கொண்டேதானே இருந்தேன்?