காலண்டர் மலை

பார்த்து வரைவதில் என்னை மிஞ்ச அடி அண்ணாமலையில் ஆள் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எண்பத்தொன்பதில், எட்டாவது படித்தபோது, வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் படங்களில் ஆரம்பித்தேன். படத்தின் மேல் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கட்டம் போட வேண்டும். வெள்ளைத் தாளில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட வேண்டும். பிறகு முழுப் படத்தையும் மறந்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்துப் போட்டால் போதும். முகம் தானாக வந்து சேரும்.

ஒருமுறை கதாநாயகியின் தாடையில் அச்சு மை சிந்தியிருந்தது. நான் அதை மச்சம் என்று நினைத்துச் சிரத்தையாக வரைந்துவிட்டேன். அடுத்த வாரப் படத்தில் மச்சத்தைக் காணோம். அண்ணன் கண்டுபிடித்து, "ஈயடிச்சான் காப்பி, ஈயடிச்சான் காப்பி" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். அந்தப் படங்களைப் போட்டவர்களை நான் கண்டதில்லை. ஆனால் புடவை மடிப்பு எப்படி விழும், உட்கார்ந்திருப்பவரின் கை எங்கே தளரும் என்பதெல்லாம் அவர்கள் கோட்டின் பின்னாலேயே போய்த்தான் கற்றேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

கதைப் படங்களுக்குப் பிறகு காலண்டர்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் கொடுக்கும் காலண்டரில் மலைதான் இருக்கும். முன்னால் கோபுரங்கள், பின்னால் முக்கோணமாக மலை, உச்சியில் தீபம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதைப் போடும் அளவுக்குக் கை பழகிப்போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுத்தேன். கல்யாணமாகி, அந்தக் கோபுரங்கள் இருக்கும் டவுனுக்கு வந்த பிறகு மாமியார் வீட்டுக் கூடத்திலும் ஒன்றை மாட்டினார்கள்.

அப்பா மட்டும் அந்தப் படங்களைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. அவர் மலையைப் பார்ப்பது வேறு காரியத்துக்காக. விடிந்ததும் வேப்பங்குச்சியை மென்றபடி எங்கள் நிலத்துக் கிணற்று மேட்டில் நிற்பார். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் மலையின் இடது தோளுக்குக் கீழே ஒரு மடிப்பு தெரியும். அதில் மேகம் இறங்கி உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் மழை. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கலாமா, பிடுங்கிய கடலையைக் களத்தில் காய விடலாமா என்பதெல்லாம் அந்த மடிப்பைக் கேட்டுத்தான். கும்பிடு அதற்கப்புறம்.

அம்மா போன பிறகு அண்ணன் மலைக்கு மறுபக்கம், வேங்கிக்காலில் வீடு கட்டினான். அவனுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மனசே இல்லாமல் அவனோடு போனார். சில வருஷத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இந்த வயசில் ஆபரேஷன் தாங்காது, உடம்பை அசைக்கவும் கூடாது என்றார் டாக்டர். படுத்த உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. அந்த ஐப்பசியில், தீபம் வரைக்கும் தாங்குவாரா என்று கேட்டதற்கு, கேட்பதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

ஒருநாள் மத்தியானம் நான் அங்கே போய்க் கஞ்சி ஊட்டும்போது, "மலைய ஒருவாட்டி பாக்கணும்மா" என்றார்.

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். வேங்கிக்காலில் மலை தெரியாமலா போகும்?

"இது இல்லம்மா. நம்ம மலை. நம்ம கெணத்து மேட்டுலருந்து பாக்கறது."

அண்ணன் கேமராவோடு போய் எடுத்து வந்தான். ஃபோட்டோவில் வயல் பெரிதாகவும் மலை குட்டியாகவும் விழுந்திருந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கரும்பாறை மாதிரி கீது" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் வரைவியே. போட்டுக் குடேன்."

அவர் என்னிடம் ஒரு படம் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே பெரிய தாள் வாங்கிப் போட்டேன். கோபுரங்களை விட்டுவிட்டு முன்னால் எங்கள் கிணறு, பின்னால் மலை. கை எங்கேயும் தடுமாறவில்லை. நன்றாக வந்துவிட்டது என்ற கர்வத்தோடு அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"கெணறு நம்மளுதுதான். மலை டவுன்காரங்களுது" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. "இதுல மழைய எங்கம்மா பாக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை தினமும் பார்த்த மலை. அது கண்ணோடு நின்றுவிட்டது, கைக்கு இறங்கவே இல்லை. கையில் இருந்தது, யாரோ டவுனில் நின்று பார்த்துப் போட்ட மலை.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். குத்தகைக்காரர் களம் முழுக்க மல்லாட்டை பரப்பியிருந்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். நம்ப மாட்டீர்கள், எதிரே மலையை வைத்துக்கொண்டே கை அந்த முக்கோணத்தைத்தான் போட்டது. அழித்து அழித்துத் தாள் நைந்துபோனது. ஆத்திரத்தில் அதைக் கிழித்து எறிந்தேன். முந்தின நாள் அப்பாவுக்கு மூச்சு இரைத்தது ஞாபகம் வந்தது. பத்து ஊருக்கு மலை வரைந்து கொடுத்தவளுக்குத் தன் அப்பாவுக்கு ஒரு மலை போட முடியவில்லை.

குத்தகைக்காரர் வீட்டு வாசலில் உடைந்த சிலேட்டின் மரச்சட்டம் ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டினேன். இரண்டு குச்சிகளை நட்டு அதைக் கண்ணுக்கு நேராக நிறுத்தினேன். புதுத் தாளிலும் அதே கட்டங்கள். பிறகு அது எங்கள் மலை என்பதையே மறந்தேன். யாரோ போட்ட படம், நான் அதைக் காப்பியடிக்கிறேன், அவ்வளவுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், இந்தக் கட்டத்தில் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் தோள் வந்தது. உச்சிவேளைக்கு மடிப்பு வந்தது. அப்பா அத்தனை வருஷம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சாயங்காலம் படத்தை அவர் முன்னால் பிடித்தேன். அப்பா விரலை நீட்டித் தாளைத் தொட்டார். விரல் தோளில் ஏறி, இறங்கி, மடிப்பில் போய் நின்றது. அதற்கப்புறம் அங்கிருந்து நகரவே இல்லை.

வானத்தை வெறுமனே விட்டிருந்தேன். மழை பார்க்கிற மனுஷனுக்கு அது போதாதோ என்று தோன்றியது.

"அங்க மேகம் போடட்டுமாப்பா?"

"ஐயோ, வேணாம்மா" என்றார் பதறிப்போய். "களத்துல மல்லாட்டை காயுது."